சோபாத் துணியும் ஒரு லட்சம் உரசலும்

கொஞ்ச காலமாக எனக்கு ஒரு எண்ணோடு சண்டை. ஒரு லட்சம். பண விவகாரம் இல்லை, துணி விவகாரம். சோபாவுக்கு மேல்துணி மாற்றலாம் என்று கிளம்பி, சௌகார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் கேட்லாக் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைப் பையன் ஒரு சாம்பல் நிறத் துணியைத் தட்டிக்காட்டி, "மேடம், கண்ணை மூடிட்டு இதை எடுங்க. ஒரு லட்சம் ரப்ஸ் தாங்கும், குழந்தைங்க குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். மீட்டர் 1,150 ரூபாய். பக்கத்து ராக்கில் அண்ணன் தம்பி மாதிரி அதே சாயலில் இன்னொரு துணி, 380 ரூபாய். அது எத்தனை ரப்ஸ் தாங்கும் என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் போட மாட்டாங்க மேடம்" என்று முடித்துவிட்டான். எதுவும் எடுக்காமல் வந்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு லட்சம் கூடவே வந்துவிட்டது. யார் உரசினார்கள், எதை வைத்து உரசினார்கள், எங்கள் வீட்டில் யாராவது அப்படி உரசுகிறார்களா?

எங்கள் வீட்டு சோபா மாமனார் வாங்கியது. தேக்குச் சட்டம், தனித்தனி குஷன், மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை நாற்காலி இரண்டு. சட்டத்துக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயுசு இருக்கிறது. குஷன்தான் தொங்கிப்போய், மேல்துணி பல்லிளித்து, வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் உட்காரச் சொல்வது என்று யோசிக்க வேண்டிய நிலைமை. "புதுசே வாங்கிடலாமே" என்று சொல்லாத ஆள் இல்லை. இன்றைக்குக் கடையில் விற்கும் சோபாவைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் உள்ளே ப்ளைவுட், வெளியே பகட்டு. தேக்கைக் கொடுத்துவிட்டு அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

யாருடைய உரசல்?

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு இயந்திரம் இருக்கிறது. மார்ட்டின்டேல் என்று பெயர், கம்பளித் துணிகளைச் சோதிப்பதற்காக இங்கிலாந்தில் உருவானது. துணியில் சின்ன வட்டமாக, 38 மில்லிமீட்டர் குறுக்களவில், ஒரு துண்டு வெட்டி எடுப்பார்கள். அதைப் பிடியில் மாட்டி, மேலே எடை ஏற்றி, கம்பளித் துணி விரித்த மேடையில் எட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். இரண்டு இழை அறுந்ததும் ஆட்டம் முடிந்தது. அதுவரை எத்தனை சுற்று தாங்கியதோ அதுதான் 'ரப்ஸ்'. சாதாரண வீட்டுப் புழக்கத்துக்கு 15,000 முதல் 25,000 வரை போதும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆள் நடமாட்டம் அதிகமான வீட்டுக்கு 30,000. அலுவலகம், ஓட்டல் வரவேற்பறை என்றால் 40,000. அப்படியானால் ஒரு லட்சம் யாருக்கு? ரயில் நிலையத்துக்கா?

அமெரிக்காவில் இதற்கே வேறு இயந்திரம், வைஸன்பீக். அது வட்டம் போடாது, முன்னும் பின்னுமாக இழுக்கும். போய்வந்தால் ஒரு 'டபுள் ரப்'. இரண்டு எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது, ஒன்றை வைத்து மற்றதைக் கணக்குப் போட முடியாது. நம் கடைகளில் கேட்லாக்கில் இருப்பது எந்த இயந்திரத்தின் எண் என்று கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. இன்னொரு விஷயமும் உண்டு. அலுவலகம், ஓட்டல் மாதிரி இடங்களுக்குத் துணி விற்பவர்களின் அமெரிக்கச் சங்கமான அசோசியேஷன் ஃபார் கான்ட்ராக்ட் டெக்ஸ்டைல்ஸே தன் வழிகாட்டுதலில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: வைஸன்பீக்கில் ஒரு லட்சம் டபுள் ரப்புக்கு மேல் போனால் துணியின் ஆயுள் கூடும் என்பதற்கு நிரூபணம் இல்லை. விற்கிறவர்களே சொன்ன பிறகு வாங்குகிற நாம் ஏன் அதற்கு மேல் மயங்க வேண்டும்?

சோதனைக்கூடத்தில் 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம். துணி புதுசு, சுத்தம், உலர்ந்தது, தட்டையானது, நடுவில் தையல் கிடையாது. மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு, கரண்ட் போன வேளையில், சென்னையில் என் மாமனார் எண்ணெய்த் தலையோடு சாய்ந்து பேப்பர் படிக்கும் சோபாவுக்கு இதில் எது பொருந்துகிறது?

குஷன் கடை பாய் விரித்துப் போட்ட பழைய துணி

இந்தக் குழப்பத்தோடுதான் எங்கள் ஏரியா குஷன் கடை பாயிடம் போனேன். ஆட்டோ சீட், வேன் சீட், டாக்டர் கிளினிக் பெஞ்ச், சோபா எல்லாம் ஒரே தையல் மெஷினில் தைப்பவர். வீட்டுக்கு வந்து அளவெடுத்தார். எந்தத் துணி நல்லது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஒரு குஷனின் உறையைப் பிளேடால் பிரித்து, கழற்றி, உள்புறம் வெளியே வரும்படித் திருப்பி, ஹாலில் விரித்துப் போட்டார். அப்புறம் இன்னொன்று. சாய்மான உறை, கைப்பிடித் திண்டு உறை எல்லாம் வரிசையாகத் தரையில்.

"எங்க போயிருக்கு பாருங்கம்மா."

குனிந்து பார்த்தேன். உட்காரும் பகுதியின் நடுப்பாகம், அதாவது வருஷக்கணக்காக நாங்கள் உரசு உரசு என்று உரசியதாக நான் நினைத்திருந்த இடம், நிறம் மங்கியிருந்ததே தவிர முழுசாக இருந்தது. பாய் இரண்டு கையாலும் பிடித்து விண்ணென்று இழுத்தார், கிழியவில்லை. போயிருந்தது எல்லாம் வேறு இடங்களில். முன்விளிம்பில் முழங்காலின் பின்பக்கம் படும் பைப்பிங், அதாவது கயிறு வைத்துத் தைத்த ஓரம், தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளைக் கயிறு எட்டிப் பார்த்தது. பின்பக்கத் தையலில் நூல் அறவில்லை, துணியின் இழைகள்தான் தையலை விட்டு நகர்ந்து, சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றன. சாய்மான உறையின் மேல்விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. தொட்டால் மெழுகுத்துணி மாதிரி விறைப்பு. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்து இறுகியது. பால்கனிப் பக்கத்து நாற்காலியின் உறையில் வெயில் பட்ட பாதி ஒரு நிறம், படாத பாதி ஒரு நிறம். உறைக்குள் ஃபோம் பொடிந்து, மஞ்சள் தூளாகக் கொட்டியது.

"உக்கார்ற இடத்துல கிழிஞ்சு எங்கிட்ட வர்றது பத்துல ஒண்ணும்மா. மீதியெல்லாம் இப்படித்தான். தையல்ல விடும், ஓரத்துல தேயும், எண்ணெ ஏறும். நீங்க என்னான்னா உரசுறத பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப அந்த ஒரு லட்சம்?"

"அது கடைக்காரன் சொல்றதும்மா. கழட்டித் தோய்க்க முடியுமான்னு கேளுங்க, அதுக்கு பதில் சொல்வானா பாருங்க."

எனக்கு அங்கேதான் விஷயம் திரும்பியது. உழைக்கிற துணி எது என்று தேடிக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது, எங்கள் வீட்டில் துணியை எது தின்கிறது என்பதை. எண்ணெய், வியர்வை, வெயில், பலவீனமான தையல். இந்த நான்கில் ஒன்றைக்கூட மார்ட்டின்டேல் அளப்பதில்லை. தையல் நகர்வுக்கும் வெயிலில் நிறம் போவதற்கும் தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. கேட்லாக்கில் அவற்றை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

கடையில் இருக்கும் துணிகளும் எங்கள் வீடும்

அதற்குப் பிறகு கடைக்குப் போனபோது பார்வையே வேறு. சணல் மாதிரித் தெரிகிற சொரசொரப்பான துணி இப்போது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறது. 'ஜூட்' என்றே சொல்லி விற்கிறார்கள், பெரும்பாலும் பாலியஸ்டர். பாலியஸ்டரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. உரசலைத் தாங்கும், சுருங்காது, ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கும் சட்டென்று தளராது. ஆனால் அதற்கு எண்ணெய் என்றால் உயிர். தண்ணீரை உள்ளே விடாது, எண்ணெயைப் பிடித்தால் விடாது. டீ சிந்தினால் துடைத்துவிடலாம், தலை சாய்ந்த இடம் கறுப்பது கறுப்பதுதான். பாலிப்ரொப்பிலீனுக்கும் இதே குணம். தலையில் எண்ணெய் வைக்காத ஊருக்கு எழுதிய பரிந்துரைகளைப் படித்துவிட்டு நாம் அப்படியே பின்பற்றினால் இப்படித்தான் ஆகும்.

மரக்கூழில் செய்யும் விஸ்கோஸ் இழை கலந்த துணி தடவிப் பார்க்கப் பட்டுமாதிரி இருக்கும். ஈரம் பட்டால் அதன் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். பருத்திக்கு நேரெதிர் குணம், நனைந்தால் இன்னும் உறுதியாகும். வண்ணான்துறைக் கல்லில் நூறு வருஷம் அடிவாங்கியும் பருத்தி பிழைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். ஷெனில் பார்க்கப் பணக்காரத்தனம், ஆனால் பஞ்சு உதிரும். வீட்டில் பூனை இருந்தால் பின்னலில் வளையம் தூக்கி நிற்கும் துணி எதுவுமே வேண்டாம், நகம் மாட்டினால் முடிந்தது. குட்டையான வெட்டுமயிர் உள்ள வெல்வெட் அதற்கு எவ்வளவோ தேவலை என்பது என் அபிப்பிராயம். வெல்வெட் என்றாலே கல்யாண மண்டபம் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும்.

லெதரைட் என்கிற செயற்கைத் தோலின் கதையை நாத்தனார் வீட்டில் கண்ணெதிரே பார்த்தேன். பளபளவென்று வாங்கிய சோபா, சில வருஷத்தில் தோல் உரிய ஆரம்பித்தது. பிள்ளைகள் ஸ்கூல் யூனிஃபார்மோடு உட்கார்ந்து எழுந்தால் கால்சட்டையெல்லாம் காபி நிறச் செதில். பாலியூரித்தேன் பூச்சில் மலிவான வகைகள் காற்றின் ஈரத்தோடு வேதிவினை புரிந்து மெல்ல மெல்லச் சிதையும், யாரும் உட்காராமல் வைத்திருந்தாலும் சிதையும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சரக்கு இருக்க முடியாது. பழைய பிவிசி ரெக்ஸின் அப்படி இல்லை. நெளிவுக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பதம் வற்றினால் விறைத்து வெடிக்கும், அதற்கு நாளாகும். பாய் ஆட்டோ சீட்டுக்குப் போடுவது அதைத்தான். வெயில், மழை, நாள் முழுக்க ஏறி இறங்கும் சவாரி எல்லாம் தாங்குகிறது. வீட்டு ஹாலில் போட்டால் தொடை ஒட்டிக்கொள்ளும், அது ஒன்றுதான் பிரச்சினை. சின்னப் பிரச்சினையும் இல்லை.

சுற்றிச் சுற்றி நான் வந்து நின்ற இடம் கரூர். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துணி என்று அந்த ஊர் வெளிநாட்டுக்கு அனுப்பும் கனமான பருத்தியில் மிச்சம் விழுவது நம் ஊர்க் கடைகளுக்கும் வரும். கேன்வாஸ் என்று கேட்டால் எடுத்துப்போடுவார்கள். நெருக்கமான சாதா நெசவு, பூவும் கிடையாது பளபளப்பும் கிடையாது. மீட்டர் 290 ரூபாய்க்கு ஒரு அடர்ந்த பாசிப்பச்சை கிடைத்தது. ரப்ஸ் எத்தனை என்று நான் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

கேட்காவிட்டாலும் கையால் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரிந்துவிடும். ஓரத்தில் ஒரு மடிப்பு மடித்து இரண்டு குண்டூசி குத்தி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் இழை நகர்ந்து இடைவெளி விழுந்தால் நாளைக்குத் தையலிலும் அதுதான் நடக்கும். அந்த 380 ரூபாய்த் துணி இதில்தான் தோற்றது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரியும். ஓர இழை ஒன்றை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகும். கொளுத்துவதைக் கடைக்குள் செய்யாதீர்கள், துணிக்கடைக்காரர் துரத்துவார்.

இரண்டு ஜோடிக் கணக்கு

பாய் சொன்ன 'கழட்டித் தோய்க்க முடியுமா' என்ற கேள்விதான் கணக்கையே மாற்றியது. 22 அங்குலச் சதுரம், 4 அங்குல கனம் உள்ள ஒரு குஷனுக்கு, 54 அங்குல அகலத் துணியில் மேலும் கீழும் சேர்த்து 24 அங்குல நீளம் போதும். இரண்டு துண்டும் பக்கம் பக்கமாக உட்காரும். சுற்றுப்பட்டிக்கு இன்னொரு 10 அங்குலம். ஆக 90 செ.மீ.க்குள் ஒரு குஷன் முடிந்துவிடும், ஓரத்தில் மிஞ்சும் நாடா பைப்பிங்குக்கு. உட்கார ஐந்து, சாய ஐந்து, மொத்தம் பத்துக் குஷன், 10 மீட்டர். பெரிய பூ, கோடு, கட்டம் போட்ட துணி என்றால் டிசைன் பொருந்த வெட்டுவதில் வீணாகும், அதனால் கூட வாங்க வேண்டும். சிக்கனத்துக்கு முதல் வழி வெறும் நிறத்தை எடுப்பதுதான்.

1,150 ரூபாய்த் துணி 10 மீட்டர் 11,500. பாய் ஒரு குஷனுக்கு 250 கேட்டார், 2,500. ஆக 14,000, ஒரு ஜோடி உறை, அதாவது பத்துக் குஷனுக்கும் ஒருமுறை மாட்ட. கரூர்த் துணியில் சுருக்கத்துக்கும் சேர்த்து 22 மீட்டர் 6,380. இரண்டு ஜோடிக்குத் தையல் கூலி 5,000. ஃபோமுக்கு நேரடியாகப் போடும் உள்ளுறைக்குக் காடாத் துணி, 800. மொத்தம் 12,180. விலை உயர்ந்த துணியில் ஒரு ஜோடி வாங்குவதைவிடக் குறைந்த காசில் இரண்டு ஜோடி, எல்லாவற்றிலும் ஜிப். ஒன்று அழுக்கானால் கழற்றி வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிவிட்டு மற்றதை மாட்டலாம். எண்ணெய் இறுகிப் பட்டையாவதற்கு முன்னாலேயே போய்விடும். ஃபோம் தனிக் கணக்கு. அதைப் பற்றி ஒரே வார்த்தை: உட்காருவதற்கு 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி), சாய்வதற்கு 32 போதும். ஃபோம் அமுங்கினால் மேல்துணி தொளதொளத்து மடிப்பு விழும், அந்த மடிப்பின் முகட்டில்தான் துணி முதலில் தேயும். எனவே துணியில் மிச்சம் பிடித்ததை ஃபோமில் போட்டேன்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தித் தரவேண்டும் என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார். பருத்தி 5 சதவீதம் சுருங்கினால்கூட 24 அங்குலத் துண்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும், அப்புறம் முதல் துவையலோடு உறைக்குள் குஷன் நுழையாது. 22 மீட்டர் கேன்வாஸை ஊறவைத்து மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். மற்ற ஏற்பாடுகளை அவரே பார்த்துக்கொண்டார். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும் என்று பாலியஸ்டர் நூல். தையலுக்கு உள்ளே அரை அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டு, இரட்டைத் தையல். முன்விளிம்பில் பைப்பிங் கிடையாது, மடித்து அமுக்கித் தைத்தார். "பைப்பிங் வச்சா அழகு, இல்லேன்னா ஆயுசு" என்றார். குஷனின் இரண்டு பக்கமும் ஒரே துணி, ஜிப் பின்பக்கம். மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடலாம்.

இதிலும் குறை உண்டு. பருத்தி வெளுக்கும், பால்கனிப் பக்கத்து நாற்காலி நாளைக்கே வெளுக்க ஆரம்பிக்கும். அதற்காகத்தான் உறைகளை நாற்காலிக்கு நாற்காலி மாற்றிப் போடும்படி எல்லாக் குஷனையும் ஒரே அளவாகச் செய்யச் சொன்னேன். வெளுப்பதானால் எல்லாம் சேர்ந்து வெளுக்கட்டும். இஸ்திரி போடாவிட்டால் கொஞ்சம் கசங்கின தோற்றம் இருக்கும். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி இருக்கு" என்பது அவர் தீர்ப்பு. மேலே ஒரு பூப்போட்ட விரிப்பைப் போடப் பார்த்தார். சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் விரிப்பு, விரிப்புக்கு மேல் துண்டு என்று கடைசியில் சோபாவையே யாரும் பார்க்காமல் வாழும் வீடுகள் நம்மிடம் எத்தனை! சாய்மானத்தில் தலை படும் இடத்துக்கு மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு என்று சமரசம் ஆகியிருக்கிறது.

இப்போது விவாதம் டைனிங் நாற்காலிகளுக்கு நகர்ந்திருக்கிறது. மிச்சமிருக்கும் பச்சைத் துணியையே போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். நான் ரெக்ஸின் கட்சி. சாம்பார் கொட்டுகிற இடம், மஞ்சள் கறை பருத்தியில் விழுந்தால் லேசில் போகாது, ஒரு ஈரத்துணி போட்டு ஒரே இழுப்பில் துடைக்கிற மாதிரி வேண்டும். தொடை ஒட்டுமே என்கிறார். சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும், இருபது நிமிஷம். ஒட்டுவதற்குள் எழுந்துவிடலாம். பாய் ஆட்டோ சீட்டுக்கு வாங்குகிற கடையில் கறுப்பைத் தவிர வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.